காட்டுவதற்கு முன் காகிதம்: டெல்டாவில் பசுமைக் கருவி செய்வோருக்கு ஒரு காப்புரிமை வழிகாட்டி

குறுவை அறுப்பின் கடைசிப் பகுதி பெரும்பாலும் ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை நிற்கும். தளர்வு அறிவிப்பு வரும்வரை நெல் ரோட்டில் கிடக்கும். இந்த அவதியிலிருந்துதான் டெல்டாவில் பல கருவிகள் பிறக்கின்றன. உமியில் எரியும் நடமாடும் உலர்த்தி, வைக்கோலை வயலிலேயே மக்கவைக்கும் நுண்ணுயிர்க் கலவை, தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரை நிறுத்தும் வயல் குழாய் என்று வரிசையாகச் சொல்லலாம். கருவி ஓடத் தொடங்கியதும் இரண்டு கேள்விகள் வரும். காப்பியடித்தால் என்ன செய்வது? பணம் போட வருகிறவர் "பேட்டன்ட் இருக்கா?" என்றால் என்ன பதில் சொல்வது?

கீழே உள்ள படிகளுக்கு உமி உலர்த்தியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். இந்த வேலையில் நடக்கும் இழப்புகளில் பெரும்பகுதி, செய்ய வேண்டியதைச் செய்யாததால் அல்ல, பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்ததால் வருவது.

முதல் படி: யாருக்கும் காட்டாதீர்கள்

பேட்டன்ட், அதாவது காப்புரிமை, புதியதற்குத்தான் கிடைக்கும். அதற்கான விண்ணப்பத் தேதிக்கு முன் வெளியே தெரிந்துவிட்ட எதுவும் "புதியது" அல்ல. வெளியே தெரிவது என்றால் ஆய்விதழில் வருவது மட்டும் இல்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட 30 விநாடி வீடியோ, யூடியூப் பேட்டி, கல்லூரி புராஜெக்ட் கண்காட்சி, நெல் திருவிழாவில் போட்ட ஸ்டால், முதல் விற்பனை பில் என எல்லாமே கணக்கில் சேரும். உங்கள் வீடியோவையே உங்களுக்கு எதிரான சான்றாக வைக்கலாம்.

வெளியே காட்டிய பிறகும் விண்ணப்பிக்கச் சட்டத்தில் 12 மாதச் சலுகை ஒன்று இருக்கிறது. அதை நம்பிக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கும், அறிஞர் சங்கத்தில் படித்த கட்டுரைக்கும்தான் அது பொருந்தும். ஊர்க் கண்காட்சி, வேளாண் திருவிழா எல்லாம் பொதுவாக அதில் வராது. வயலில் வைத்துத்தான் சோதிக்க முடியும் என்கிற கருவிக்கு, நியாயமான சோதனைக்காகப் பொது இடத்தில் ஓட்டியதை மன்னிக்கும் விதியும் உண்டு. அதற்கும் வரம்பு ஓராண்டுதான். விதி இருக்கிறதே என்று அதில் சாய்ந்துகொள்ளாமல், கடைசித் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை ஓட்டம் தவிர்க்க முடியாதது என்றால், களம் கொடுக்கும் விவசாயியிடம் ஒரு பக்க ரகசிய ஒப்பந்தம் வாங்குங்கள். தமிழில் எழுதினால் போதும்: கருவி சோதனையில் உள்ளது, படம் எடுக்கக் கூடாது, உள்ளமைப்பை யாரிடமும் சொல்லக் கூடாது, தேதி, இரண்டு கையெழுத்து. துவாக்குடி, திருவெறும்பூர் பக்கப் பட்டறைகளில் செய்யக் கொடுத்தால் முழு வரைபடத்தையும் ஒரே பட்டறையில் கொடுக்காதீர்கள். டிரம் ஓர் இடம், அடுப்பு ஓர் இடம், கட்டுப்பாட்டுப் பெட்டி உங்கள் வீட்டில். செலவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

இரண்டாம் படி: உங்களுடையது எந்தப் பகுதி?

காப்புரிமைச் சட்டம், 1970-ன் பிரிவு 3 எதற்கெல்லாம் காப்புரிமை இல்லை என்று பட்டியல் போடுகிறது. பசுமைக் கருவிக்காரர்கள் விழும் குழிகள் அதில் நான்கு.

விவசாய முறைக்குக் காப்புரிமை கிடையாது. நெல் வயலைக் காயவிட்டு நனைக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். துளையிட்ட குழாயை நட்டு, தண்ணீர் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் பாய்ச்சுவது அந்த முறை. அது உலகம் முழுக்கத் தெரிந்தது; நீங்கள் 15-ஐ 12 ஆக்கினாலும் அது முறைதான். ஆனால் குழாய்க்குள் சேறு அடைக்காமல் மட்டம் அளக்கும் உணரி அமைப்பைச் செய்திருந்தால் அது கருவி. அதற்கு வழி உண்டு.

பாரம்பரிய அறிவுக்கும் இல்லை. பஞ்சகவ்யத்தை வடிகட்டிப் பாட்டிலில் அடைத்து விண்ணப்பித்தால் திரும்பிவிடும். மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு 1995-ல் கொடுத்த அமெரிக்கக் காப்புரிமையை 1997-ல் ரத்து செய்ய வைத்தது நம் நாட்டு அரசு ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர். அதே வாதம் நம் விண்ணப்பத்துக்கும் பொருந்தும் என்பதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கணினி நிரலும் கணக்கீட்டு முறையும் அதனளவில் வராது. செயலியின் நிரலுக்குப் பதிப்புரிமை இருக்கிறது. காப்புரிமை வேண்டுமானால் நிரல் ஒரு பொருளை இயக்கித் தொழில்நுட்ப விளைவைத் தருவதாகக் காட்ட வேண்டும்.

நான்காவதுதான் பட்டறைக் கண்டுபிடிப்புகளை அதிகம் வீழ்த்துவது: தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவது. உமி அடுப்பு பழசு, விசிறி பழசு, டிரம் பழசு. மூன்றையும் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றியது வசதிதான், கண்டுபிடிப்பு ஆகாது. ஒன்று மற்றொன்றை மாற்றி, தனித்தனியாகக் கிடைக்காத விளைவு கிடைத்தால்தான் அது உங்களுடையது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து வட்டம் போடுங்கள். பல நேரம் அது நீங்கள் பெருமைப்படும் பாகமாக இருக்காது.

மூன்றாம் படி: தேடல்

இன்பாஸ் என்ற அரசுத் தேடுதளம் இலவசம். கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப் மூன்றும் இலவசம். வெறும் சொல்லைப் போட்டுத் தேடினால் பாதிதான் கிடைக்கும். வகைப்பாட்டு எண்ணோடு தேடுங்கள். உலர்த்திகளுக்கு எஃப்26பி. காலநிலைத் தொழில்நுட்பங்களுக்கு ஒய்02 என்ற தனிக் குறி உண்டு. ஜப்பான், சீனா, தாய்லாந்து எல்லாம் நெல் நாடுகள். அவர்களுடைய ஆவணங்களை இயந்திர மொழிபெயர்ப்பில் படிக்காமல் "இது யாருமே செய்யாதது" என்று சொல்லாதீர்கள்.

தேடலில் இன்னொரு லாபமும் இருக்கிறது. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. 20 ஆண்டு கடந்ததை யாரும் பயன்படுத்தலாம். வெளிநாட்டில் பதிந்து, முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் இந்தியாவுக்குள் வராததை இங்கே செய்து இங்கே விற்கத் தடையில்லை. அந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்தால்தான் சிக்கல். இந்தியக் காப்புரிமையாக இருந்தாலும் ஆண்டுக் கட்டணம் கட்டாமல் செத்திருக்கலாம். இன்பாஸில் நிலையைப் பாருங்கள். புதிதாகக் கண்டுபிடிப்பதைவிட, செத்துப்போன நல்ல காப்புரிமை ஒன்றை எடுத்து டெல்டாவுக்குப் பொருத்துவது பல சிறு தொழில்களுக்குப் புத்திசாலித்தனம். இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கும்.

நான்காம் படி: யார் பெயர்?

பணம் பேசும்போது எல்லாம் நின்றுபோவது இங்கேதான். வரைபடம் பார்த்து வெல்டிங் செய்தவர் கண்டுபிடிப்பாளர் அல்ல. "சாம்பல் நெல்லில் ஏறுது, இங்க ஒரு தட்டு வெச்சு காத்தைத் திருப்பலாம்ணே" என்று தீர்வு சொன்ன வெல்டர், அந்தத் தட்டு கிளைமில் (விண்ணப்பத்தில் உரிமை கேட்கும் பகுதியில்) வந்தால், கண்டுபிடிப்பாளர். அவர் பெயரை விட்டால் பின்னால் அதுவே தகராறு. பெயரைச் சேர்த்து, உரிமையை நிறுவனத்துக்கு மாற்றும் எழுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதுதான் முறை. சம்பளம் கொடுத்ததாலேயே உரிமை வந்துவிடும் என்று காப்புரிமைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. உரிமை மாற்றத்துக்கான சான்றை விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

நட்புக்காகக் கூட்டாளி பெயரையும் விண்ணப்பதாரராகப் போடும் வழக்கம் இருக்கிறது. பிரிவு 50 படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஆளுக்குச் சம பங்கு. கூட்டாளி தனியாகப் பட்டறை போட்டு அதே கருவியைச் செய்து விற்கலாம். உங்களுக்குக் கணக்கு காட்ட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் ஒருவருக்கு உரிமம் கொடுக்க அவர் சம்மதம் வேண்டும். ஊரில் அண்ணன் தம்பி பெயரில் கூட்டுப்பட்டா இருந்தால் நிலத்தை விற்பது எவ்வளவு பாடோ, அதே பாடுதான்.

கல்லூரி ஆய்வகத்தில் செய்திருந்தால் அந்தக் கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கையை வாங்கிப் படியுங்கள். மானியத்தில் செய்திருந்தால் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைப் பக்கத்தையும் படியுங்கள். பணம் வந்ததும் யாரும் திருப்பிப் பார்க்காத பக்கம் அதுதான்.

ஐந்தாம் படி: தற்காலிக விண்ணப்பம்

தமிழ்நாடும் காரைக்கால் உட்பட புதுச்சேரியும் சென்னை காப்புரிமை அலுவலக எல்லையில் வருகின்றன. அலுவலகம் கிண்டியில், நேரில் போக வேண்டியதில்லை, இணையத்தில் போடலாம், அதற்கு மூன்றாம் வகை டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழில் ஏற்பதில்லை. இது ஒரு குறை. ஆகவே முதலில் தமிழில் தெளிவாக எழுதி, பிறகு காப்புரிமை ஏஜென்டிடம் உட்கார்ந்து வரிவரியாக மாற்றுங்கள். "கருக்கா", "பதர்", "அரிசி நொறுங்கல்" போன்ற சொற்கள் மொழிமாற்றத்தில் ஒன்றாகக் கலந்துவிடும்.

தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் என்றால் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், மற்றவர்களுக்கு 8,000. சிறு நிறுவனம் என்று காட்ட உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றும் படிவம் 28-ம் போதும். கையில் பணம் குறைவு, கருவி இன்னும் மாறும் என்றால் தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கருவியை விளக்கும் முதல் ஆவணத்தோடு, தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு. 30 பக்கம், 10 கிளைம் வரை அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மேலே போனால் பக்கத்துக்கு 160, கிளைமுக்கு 320.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ம் தேதியையே எடுத்துக்கொள்வோம். 2026 ஜூன் 12-ல் தற்காலிக விண்ணப்பம் போட்டால், முழு விவரக்குறிப்புக்குக் கடைசி நாள் 2027 ஜூன் 12. வெளிநாட்டிலும் வேண்டுமானால் அதற்கும் அதே நாள்தான். 2027 டிசம்பர் 12-க்குப் பிறகு விண்ணப்பம் பிரசுரமாகும். விண்ணப்பத்தை அலுவலகம் ஆராயக் கேட்கும் ஆய்வுக் கோரிக்கையை, அதாவது படிவம் 18-ஐ, 2029 ஜனவரி 12-க்குள் போட வேண்டும். கட்டணம் 4,000. முன்பு 48 மாதம் இருந்ததை 2024 மார்ச் விதிகள் 31 மாதமாகக் குறைத்துவிட்டன. பழைய குறிப்புகளை வைத்திருப்பவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். போடாவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகவே கணக்கு.

அவசரம் என்றால் படிவம் 18ஏ, கட்டணம் 8,000. கூடவே முன்கூட்டிப் பிரசுரிக்கப் படிவம் 9, கட்டணம் 2,500. விண்ணப்பக் கட்டணத்தோடு சேர்த்து 12,100 ரூபாய். ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், விண்ணப்பதாரர்களில் ஒரு பெண்ணாவது உள்ளவர்கள் இந்த வழியில் போகலாம். ஆய்வறிக்கை வந்ததும் 6 மாதத்துக்குள் பதில். கேட்டால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு ஏஜென்ட் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் 2016 முதல் இருக்கிறது.

தற்காலிக விண்ணப்பத்தை அரைப் பக்கத்தில் போடுவது பெரிய தவறு. அதில் இல்லாத அம்சத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. சோதனை எண்களோடு போடுங்கள். 22 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ நெல்லில் காய்ந்த பொருள் 780 கிலோ. 17 சதவீதத்துக்கு வரும்போது மொத்த எடை சுமார் 940 கிலோ. அப்படியானால் வெளியேற வேண்டிய தண்ணீர் 60 கிலோ. இந்த 60 கிலோவை எடுக்க எத்தனை கிலோ உமி, எத்தனை மணி நேரம், எத்தனை யூனிட் மின்சாரம், உள்ளே போகும் காற்றின் வெப்பம், நெல்லின் வெப்பம், அரைத்தபின் நொறுங்கல் என எல்லாவற்றையும் குறைந்தது மூன்று ஓட்டத்துக்குத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். பக்க எண் போட்ட தைத்த நோட்டு. பணம் போடுகிறவரும் இதே நோட்டைத்தான் கேட்பார்.

ஆறாம் படி: கிளைம்

கிளைம், அதாவது உரிமைக்கோரல்தான் வேலி. மீதிப் பக்கமெல்லாம் அந்த வேலிக்கு ஆதாரம். வழக்கமாக வரும் முதல் வரைவு இப்படி இருக்கும்:

"உமி அடுப்பு, விசிறி, நெல் டிரம், ஈரப்பத உணரி, சக்கரம் ஆகியவை கொண்ட நடமாடும் உலர்த்தி."

இது மேலே சொன்ன அடுக்கல். இரண்டாம் படியில் வட்டம் போட்ட இடத்தை உள்ளே கொண்டுவந்தால்:

"வெளியேறும் நெல்லின் ஈரம் நிர்ணயித்த அளவைத் தாண்டும்போது முதலில் நெல் இறங்கும் வாயில் குறுகுவதும், உள்நுழையும் காற்றின் வெப்பம் வரம்புக்குள் இருக்கும்போது மட்டுமே உமி ஊட்டும் திருகு வேகம் எடுப்பதுமான கட்டுப்பாட்டு அமைப்பைக் கொண்ட உலர்த்தி."

ஈரம் கூடினால் உடனே தீயைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் மணியில் வெடிப்பு விழுந்து அரவையில் நொறுங்கும். விதை நெல்லாக இருந்தால் 43 டிகிரிக்கு மேல் முளைப்பு போகும். வாயிலும் திருகும் ஒன்றையொன்று பார்த்து நடக்கின்றன என்பதும், அதனால் நொறுங்கல் குறைகிறது என்பதும்தான் வாதம். நோட்டில் உள்ள எண்கள் அதற்குச் சாட்சி. தேடலில் இதே ஏற்பாடு வேறெங்கும் இல்லையென்றால்தான் இது நிற்கும்.

முதல் கிளைமில் 43 என்று எழுதாதீர்கள். எழுதினால் போட்டியாளர் 45-ல் ஓட்டிவிட்டு வேலிக்கு வெளியே நிற்பார். எண்ணை முதல் கிளைமைச் சார்ந்து பின்னால் வரும் மூன்றாவது, நான்காவது சார்புக் கிளைமில் வையுங்கள். அதேபோல் "எம்எஸ் தகடு", "2 எச்பி மோட்டார்" எதுவும் முதல் கிளைமில் வேண்டாம். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா; விசிறி இறக்கையை அரித்துவிடும். அதற்கு நீங்கள் கண்ட தீர்வு இருந்தால் அது தனிக் கிளைம், சில சமயம் தனி விண்ணப்பமே ஆகும்.

நுண்ணுயிர் வேலை என்றால் கூடுதல் கதவுகள்

வயல் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரியை அப்படியே கேட்டால் அது இயற்கையில் உள்ளதைக் கண்டது மட்டுமே. பல நுண்ணுயிர்களின் கலவை என்றால், தனித்தனியாகக் கொடுத்ததைவிட, கூட்டிப் பார்த்த பலனைவிடவும், சேர்த்துக் கொடுத்தபோது வைக்கோல் வேகமாக மக்கியது என்று சோதனை காட்ட வேண்டும். உயிரியை விவரிக்க எழுத்து போதாவிட்டால் சண்டிகரில் உள்ள எம்டிசிசி போன்ற அங்கீகாரச் சேமிப்பு மையத்தில் வைத்து எண் வாங்க வேண்டும். அதோடு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002 இருக்கிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு, இந்தியர்கள் காப்புரிமை கைக்கு வரும் முன் தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வணிகத்துக்குப் போகும்போது அனுமதி வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பங்கு உள்ள நிறுவனத்துக்கு விதி கடுமை. ஆணையத்தின் தலைமையகமும் சென்னையில்தான்.

மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி போன்ற நெல் ரகங்களுக்குக் காப்புரிமை என்ற பேச்சே இல்லை. அதற்குப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், 2001 தனியாக இருக்கிறது. உழவர்கள் தங்கள் ரகத்தைக் கட்டணமில்லாமல் பதியலாம்.

மற்றவை, சுருக்கமாக

கருவியின் வெளித்தோற்றத்துக்கு வடிவமைப்புப் பதிவு: 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிப்பு. பெயருக்கு டிரேட்மார்க்: தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையத்தில் வகைக்கு 4,500 ரூபாய். "கிரீன் டிரையர்" போன்று வேலையைச் சொல்லும் பெயர் எளிதில் பதிவாகாது. பெட்டியில் "100 சதவீதம் சூழலுக்கு உகந்தது" என்று அச்சிடுமுன், 2024-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட பொய்ப் பசுமை விளம்பரத் தடுப்பு நெறிகளைப் பாருங்கள். சொல்வதற்குச் சான்று கையில் இருக்க வேண்டும். காப்புரிமை கிடைத்தால் மானியப் பட்டியலில் கருவி வந்துவிடும் என்பதும் தவறு. அதற்குத் தனிப் பரிசோதனை அறிக்கை வேண்டும்.

ஏழாம் படி: பணம் பேசும்போது

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது "காப்புரிமை பெற்றது" என்று கருவியில் எழுதாதீர்கள். பொய்யாக அப்படிச் சொன்னால் அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது" என்று எண்ணோடு எழுதலாம். நிலுவையில் இருக்கும்போது யார் மீதும் வழக்குப் போட முடியாது. கிடைத்த பிறகு பிரசுரத் தேதியிலிருந்து இழப்பீடு கேட்கலாம். முதலீட்டாளரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். அனுபவம் உள்ளவருக்கு எப்படியும் தெரியும்.

அவர் கேட்பதற்கு முன் ஒரு கோப்பு தயாராக இருக்கட்டும்: விண்ணப்ப ரசீது, தேடல் அறிக்கை, கண்டுபிடிப்பாளர்களின் உரிமை மாற்ற ஒப்பந்தங்கள், சோதனை நோட்டு, செயலியில் பயன்படுத்திய திறந்த நிரல்களின் உரிமப் பட்டியல், கெடு நாட்காட்டி. பங்கு எடுத்துக்கொண்டு விதை நிதி தரும் அரசுத் திட்டங்கள் உண்டு, டான்சீடு அப்படித்தான். அங்கேயும் உரிமை நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் நிறுவனத்தில் பங்கு வாங்குகிறவர் எதை வாங்குகிறார்?

பங்கு கொடுக்காமல் உரிமம் மட்டும் கொடுப்பதும் நல்ல வழி. பெரிய உற்பத்தியாளர் முழு இந்தியாவுக்கும் தனியுரிமை கேட்பார். டெல்டா மாவட்டங்களை உங்களுக்கு வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள். விற்பனையில் சதவீதம் மட்டும் எழுதினால், அவர் ஒரு கருவியும் செய்யாமல் உங்கள் கண்டுபிடிப்பை அலமாரியில் பூட்டலாம். எனவே ஆண்டுக்குக் குறைந்தபட்சத் தொகை, இத்தனை மாதத்தில் உற்பத்தி தொடங்காவிட்டால் உரிமம் ரத்து என்ற இரண்டு வரிகளும் கட்டாயம். நீங்கள் பின்னால் செய்யும் மேம்பாடு எல்லாம் தானாக அவருக்கு என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். உங்கள் உரிமத்தை வாங்கியவர் செய்யும் மேம்பாடு முழுக்க உங்களுக்கே என்று நீங்கள் எழுதினாலும் செல்லாது. பிரிவு 140 அதைத் தடுக்கிறது. கையெழுத்தானதும் படிவம் 16-ல் காப்புரிமைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஏற்றாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக வைப்பது கஷ்டம்.

காப்புரிமை கிடைத்ததும் மூன்றாம் ஆண்டிலிருந்து விட்டுப்போன ஆண்டுக் கட்டணங்களை மொத்தமாகக் கட்ட வேண்டும். தனிநபருக்கு 6-ம் ஆண்டுவரை ஆண்டுக்கு 800, 10-ம் ஆண்டுவரை 2,400, 15 வரை 4,800, 20 வரை 8,000. தவறினால் 6 மாத அவகாசம் உண்டு, கூடுதல் கட்டணத்தோடு. உரிம ஒப்பந்தத்தில் இதை யார் கட்டுவது என்று எழுதாமல் விட்டு, அவர் கட்டுவார் என்று இவரும் இவர் கட்டுவார் என்று அவரும் இருந்து செத்துப்போகிற காப்புரிமைகள் உண்டு. நீங்களே கட்டிவிட்டு ரசீதை அனுப்பிப் பணத்தை வசூலிப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.